பெண் என்பதற்கு ஒரு சான்றிதழ்

ஒரு நொடியை நூறு பங்காக்கி, அதில் மூன்று பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2006 டிசம்பரில் கத்தார் நாட்டின் தோகா நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தவருக்கும் மூன்றாவதாக வந்தவருக்கும் இடையே இருந்த வேறுபாடு அவ்வளவுதான். இரண்டாவதாக வந்தவர் புதுக்கோட்டை மாவட்டம் கதக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன். செங்கல் சூளையில் கூலி வேலை செய்த குடும்பத்துப் பெண். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 2 நிமிடம் 3.16 நொடி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நொடிக்குச் சராசரியாக ஆறரை மீட்டர் வேகம். அந்த வேகத்தில் 0.03 நொடியில் கடக்கும் தூரம் 20 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 800 மீட்டர் ஓடி, ஒரு சாண் கூட இல்லாத இடைவெளியில் வென்ற வெள்ளிப் பதக்கம் அது.

இந்த இடைவெளியை அளந்து சொன்ன கருவியின் மீது எவருக்கும் ஐயம் எழவில்லை. இறுதிக் கோட்டில் பொருத்தப்பட்ட புகைப்படக் கருவி எதை அளக்கிறது, எவ்வளவு நுட்பமாக அளக்கிறது என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தவை. ஆனால் அதே வீராங்கனையை ஓட்டத்திற்குப் பின் வேறொரு சோதனைக்கும் உட்படுத்தினார்கள். ஒரு வீராங்கனை பெண்தானா என்று முடிவு கட்டுவதற்கான சோதனை அது. அதில் அவர் தேறவில்லை என்று சில நாட்களில் செய்தி வெளியாயிற்று. பதக்கம் பறிக்கப்பட்டு, மூன்றாவதாக வந்தவருக்கு வெள்ளி வழங்கப்பட்டது. இந்த இரண்டாவது சோதனை எதை அளந்தது? எந்த அளவுகோலை வைத்து அளந்தது? அதன் முடிவை மறுத்துப் பேச அவருக்கு இடம் இருந்ததா? இக்கேள்விகளுக்கு விடை தேடினால், ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுக் காலத்து வரலாறு ஒன்று நம் முன் விரிகிறது. அறிவியல், அறம், சட்டம் ஆகிய மூன்றும் அதில் பின்னிக் கிடக்கின்றன.

பிரிவுகள் எதற்காக?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். விளையாட்டில் பிரிவுகள் தேவை. கல்பாக்கத்தை அடுத்த எங்கள் புதுப்பட்டினத்துப் பக்கத்தில் பள்ளி விளையாட்டுப் போட்டி நடக்கும்போது பார்த்தால், 14 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர், 19 வயதுக்குட்பட்டோர் என்று மாணவர்களைப் பிரித்தே ஓடவிடுவார்கள். பதினெட்டு வயது இளைஞனோடு பன்னிரண்டு வயதுச் சிறுவனை ஓடவிட்டால் அது போட்டியாகாது. குத்துச்சண்டையிலும் மற்போரிலும் எடைப் பிரிவுகள் இருப்பதற்கும் காரணம் இதுவே.

ஆண், பெண் என்ற பிரிவும் இத்தகையதே. 800 மீட்டர் ஓட்டத்தில் ஆண்களின் உலகச் சாதனை, கென்யாவின் டேவிட் ருடிஷா 2012ஆம் ஆண்டு லண்டனில் ஏற்படுத்திய 1 நிமிடம் 40.91 நொடி. பெண்களின் சாதனை, செக்கோஸ்லோவாக்கியாவின் யார்மிலா கிராட்டோக்விலோவா 1983இல் ஏற்படுத்திய 1 நிமிடம் 53.28 நொடி. இரண்டையும் ஒப்பிட்டால் வேறுபாடு 12 விழுக்காட்டிற்குச் சற்று மேல். பருவமடையும் வயதில் ஆணின் உடலில் பெருகும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் தசையையும் எலும்பையும் வளர்க்கிறது. இரத்தத்தில் ஹீமோகுளோபினையும் கூட்டுகிறது. இவ்வேறுபாட்டிற்கு முக்கியக் காரணம் அது. பெண்களுக்கெனத் தனிப் பிரிவு இல்லாவிட்டால் ஒலிம்பிக் மேடையில் ஓட்டப் பந்தயப் பெண்களைக் காண்பது அரிதாகிவிடும். ஆகவே அந்தப் பிரிவைக் காக்க வேண்டும் என்று சொல்வோர் கூற்றில் நியாயம் இருக்கிறது. எங்கே கோடு போடுவது, யார் போடுவது, கோட்டின் மேலேயே நிற்பவரை எப்படி நடத்துவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஐயத்தில் பிறந்த சோதனை

1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் அமெரிக்காவின் ஹெலன் ஸ்டீபன்ஸ் முதலாவதாக வந்தார். போலந்துக்காக ஓடிய ஸ்டெல்லா வால்ஷ் இரண்டாவதாக வந்தார். ஸ்டீபன்ஸின் உயரத்தையும் உடற்கட்டையும் கண்ட சிலர், அவர் ஆணாக இருக்கக்கூடும் என்று புரளி கிளப்பினர். சோதித்துப் பார்த்து அவர் பெண்ணே என்று அறிவித்தார்கள். காலம் வேறொரு விந்தையைக் காட்டிற்று. 1980இல் அமெரிக்காவில் கொள்ளையர் சுட்டதில் ஸ்டெல்லா வால்ஷ் இறந்தபோது, பிணப் பரிசோதனையில் அவர் உடலில் ஆண், பெண் இரு கூறுகளும் கலந்திருந்தமை தெரியவந்தது. வாழ்நாள் முழுதும் பெண்ணாகவே வாழ்ந்தவர் அவர். உருவத்தைப் பார்த்து எழுப்பிய ஐயம் எவ்வளவு தவறான இடத்தில் போய் விழுந்தது, பாருங்கள்.

1960களில் வல்லரசுகளின் பனிப்போர் விளையாட்டுத் திடலுக்கும் வந்துவிட்டது. பதக்கத்திற்காக எதிரி நாடுகள் ஆண்களைப் பெண் வேடத்தில் அனுப்புகின்றன என்ற பேச்சு பரவியது. 1966இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில், வீராங்கனைகள் மருத்துவர் குழுவின் முன் ஆடையின்றி நின்று தேற வேண்டியதாயிற்று. இந்த அவமானத்தை எதிர்த்துக் குரல்கள் எழுந்தன. அப்போதுதான், கண்ணால் பார்ப்பதை விட்டு ஆய்வகத்தை நாடலாம் என்ற எண்ணம் வந்தது.

கன்னத்தில் ஒரு வருடல்

மனித உடலின் ஒவ்வொரு செல்லிலும் பொதுவாக 46 குரோமோசோம்கள் உண்டு. அவற்றுள் இரண்டு பாலை நிர்ணயிப்பவை. பெண்ணிடம் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். ஆணிடம் ஓர் எக்ஸ், ஓர் ஒய். பெண்ணின் செல்லில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்று செயலடங்கிச் சுருண்டு, செல்லின் உட்கருவில் ஒரு சிறு புள்ளியாகக் கிடக்கும். 1949ஆம் ஆண்டு கனடாவைச் சேர்ந்த மர்ரே பார், தம் மாணவர் பெர்ட்ராமுடன் பூனைகளின் நரம்புச் செல்களை ஆராய்ந்தபோது இப்புள்ளியைக் கண்டார். அவர் பெயரால் இது ‘பார் உடலம்’ எனப்படுகிறது.

கன்னத்தின் உட்புறத்தை இலேசாகச் சுரண்டி, வரும் செல்களைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். புள்ளி இருந்தால் பெண், இல்லாவிட்டால் பெண்ணல்லர். 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கிலிருந்து இச்சோதனை நடைமுறைக்கு வந்தது. தேறியவர்களுக்குச் சான்றிதழ் வழங்கினார்கள். வீராங்கனைகள் அதைக் கடவுச்சீட்டைப் போல் பத்திரமாக வைத்திருந்து போட்டிக்குப் போட்டி காட்ட வேண்டும். 1976ஆம் ஆண்டு மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் பங்கு பெற்ற பிரிட்டிஷ் இளவரசி ஆனிடம் மட்டும் இச்சோதனையைக் கேட்கவில்லை.

இங்கே ஒரு சிறு விளக்கம். இயற்பியல் வகுப்பில் முதலாண்டு மாணவர்களுக்கு நாங்கள் அடிக்கடி எடுத்துச் சொல்வது ஒன்று உண்டு. வெப்பநிலைமானி வெப்பத்தை அளப்பதில்லை, வெப்பநிலையைத்தான் அளக்கிறது. கொதிக்கும் ஒரு தம்ளர் நீரும் கொதிக்கும் ஓர் அண்டா நீரும் வெப்பநிலைமானியில் ஒரே எண்ணைக் காட்டும். ஆனால் அண்டாவில் உள்ள வெப்பம் பன்மடங்கு. கருவி தவறு செய்யவில்லை. கருவி சொல்லாத ஒன்றை அது சொன்னதாக நாம் எடுத்துக்கொண்டால் தவறு நம்முடையது.

பார் உடலச் சோதனையிலும் இதுவே நடந்தது. அது அளந்தது, செயலடங்கிய எக்ஸ் குரோமோசோம் ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும். ஒரே ஒரு எக்ஸ் குரோமோசோமுடன் பிறக்கும் பெண்கள் உண்டு. குட்டையான உருவமும் இதயக் கோளாறுகளும் அவர்களிடம் காணக்கூடும். ஓட்டத்தில் அவர்களுக்கு எந்த அனுகூலமும் இல்லை. ஆயினும் புள்ளி இல்லாததால் அவர்கள் தேற மாட்டார்கள். இரண்டு எக்ஸ், ஓர் ஒய் என மூன்று குரோமோசோம்களுடன் பிறக்கும் ஆண்களும் உண்டு. அவர்களிடம் புள்ளி இருக்கும், அவர்கள் தேறிவிடுவார்கள்! பெண்ணைத் தடுத்து ஆணை உள்ளே விடக்கூடிய ஒரு வடிகட்டியை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒலிம்பிக்கில் கையாண்டார்கள்.

ஒலிபரப்பும் வானொலிப் பெட்டியும்

இன்னொரு நிலைமை இதைவிட நுட்பமானது. வானொலி நிலையம் எவ்வளவு பலமாக ஒலிபரப்பினாலும், வீட்டிலுள்ள பெட்டியில் ஏற்பி பழுதானால் பாட்டுக் கேட்காது. டெஸ்டோஸ்டிரோனும் அப்படித்தான். அது வேலை செய்ய வேண்டுமானால் செல்லில் அதற்கென அமைந்த ஏற்பி என்னும் புரதம் அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பியை அமைக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அம்மரபணுவில் மாற்றம் நேர்ந்தால், ஒய் குரோமோசோம் இருந்தும், டெஸ்டோஸ்டிரோன் சுரந்தும், உடல் அதை ஏற்காது. முழுவதும் ஏற்காத நிலையில் குழந்தை பெண்ணாகவே பிறந்து பெண்ணாகவே வளர்கிறது. பருவ வயதில் மாதவிலக்கு வராத காரணத்தால் மருத்துவரை நாடும்வரை அவருக்கும் பெற்றோருக்கும் எதுவும் தெரியாமலேயே இருக்கலாம்.

ஸ்பெயின் நாட்டுத் தடையோட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டினோ இத்தகையவர். 1983இல் ஹெல்சிங்கியில் சோதிக்கப்பட்டுச் சான்றிதழும் பெற்றார். 1985இல் ஜப்பானின் கோபே நகருக்குப் போட்டிக்குச் சென்றபோது சான்றிதழை எடுத்துச் செல்ல மறந்துவிட்டார். மறுபடி சோதித்தார்கள், தேறவில்லை. காயம் பட்டதாகச் சொல்லி ஒதுங்கிவிடும்படி அவரிடம் கூறப்பட்டது. 1986இல் தம் நாட்டுப் போட்டியில் ஒதுங்க மறுத்து ஓடி வென்றார். உடனே இரகசியம் பத்திரிகைகளில் வெளிவந்தது. பட்டங்கள் பறிபோயின, உதவித்தொகை நின்றது, மணக்க இருந்தவரும் பிரிந்தார்.

அவர் ஓடி ஒளியவில்லை. வாதாடினார். ஃபின்லாந்து நாட்டு மரபியல் அறிஞர் ஆல்பர்ட் டி லா சாப்பெல் அவருக்குத் துணை நின்றார். டெஸ்டோஸ்டிரோனை ஏற்காத உடலுக்கு அதனால் என்ன அனுகூலம் என்ற எளிய கேள்வியே அவர்கள் வாதம். 1988இல் அவருக்கு மீண்டும் ஓடும் உரிமை கிடைத்தது. ஆனால் ஒரு வீராங்கனையின் சிறந்த ஆண்டுகள் அதற்குள் கடந்துவிட்டன.

இதே டி லா சாப்பெல் பிற்காலத்தில் வேறொரு விளையாட்டு வீரரின் குடும்பத்தை ஆராய்ந்தார். அவர் 1964ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக்கில் இரு தங்கம் வென்ற ஃபின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்ட்டிராண்டா. பிறவியிலேயே அமைந்த மரபணு மாற்றத்தால் அவர் இரத்தத்தில் சிவப்பணுக்கள் மிக அதிகம். ஆகவே பிராணவாயுவைச் சுமக்கும் திறனும் அதிகம் என்று 1993இல் தெரியவந்தது. அதற்காக அவர் பதக்கத்தை எவரும் திருப்பிக் கேட்கவில்லை. பிறவியில் அமைந்த ஓர் அனுகூலம் ஆண் வீரரிடம் வியப்பாகவும், பெண் வீராங்கனையிடம் குற்றமாகவும் கருதப்படுவது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். சிவப்பணுவை வைத்து விளையாட்டில் பிரிவுகள் இல்லை, பாலை வைத்து இருக்கின்றன என்பது எதிர்த்தரப்பின் விடை. விடை ஓரளவு சரியே. என்றாலும் கேள்வி முற்றிலும் தீர்ந்துவிடவில்லை.

1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களைச் சோதித்தார்கள். எட்டுப் பேர் தேறவில்லை. மேலும் ஆராய்ந்தபின் எட்டுப் பேரையும் விளையாட அனுமதித்துவிட்டார்கள். முப்பது ஆண்டுச் சோதனையில் பெண் வேடமிட்ட ஆண் ஒருவரும் அகப்படவில்லை. உலகத் தடகளச் சங்கம் 1992இலும், ஒலிம்பிக் குழு 1999இலும் எல்லோருக்குமான சோதனையைக் கைவிட்டன. ஆனால் ஒரு சிறு கதவைத் திறந்தே வைத்தார்கள்: எவர் மீதாவது ஐயம் எழுந்தால் அவரை மட்டும் சோதிக்கலாம். அந்தக் கதவின் வழியேதான் 2006இல் சாந்தியை அழைத்துச் சென்றார்கள்.

தோகாவிற்குப் பின்

சாந்தியின் சோதனை முடிவு முதலில் சென்றது எங்கே? உலகம் முழுவதும் உள்ள செய்தித்தாள்களுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் அது போயிற்று. மருத்துவர் அருகில் அமர்ந்து விளக்கிச் சொல்ல வேண்டிய ஒரு செய்தி ஊர் முழுவதும் பேசும் செய்தியாயிற்று. மேல்முறையீடு என்ற ஒன்று இருப்பதையும், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1984 முதல் விளையாட்டுக்கென ஒரு நடுவர் மன்றம் இயங்குவதையும் அவருக்கு எடுத்துச் சொல்லி, வழக்கறிஞரை ஏற்பாடு செய்து தர எந்த அமைப்பும் முன்வரவில்லை. ஓடும் வாய்ப்பு அத்தோடு முடிந்தது.

தமிழ்நாடு அரசு மட்டும் அவரைக் கைவிடவில்லை. அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதி, சோதனை முடிவு வெளியான பின்னரும், அறிவித்தபடி 15 லட்சம் ரூபாய்ப் பரிசை வழங்கினார். அப்பணத்தைக் கொண்டு சாந்தி கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி அளித்தார். ஆனால் ஊர்ப் பேச்சின் சுமை சிறிதன்று. 2007இல் உயிரை மாய்த்துக்கொள்ளும் எல்லைவரை சென்று காப்பாற்றப்பட்டார். சில ஆண்டுகளுக்குப் பின், பெற்றோர் பாடுபட்ட அதே செங்கல் சூளைக்கு அவரும் கூலி வேலைக்குப் போனார். ஆசியாவின் இரண்டாவது வேகக் கால்கள் செங்கல் சுமந்தன. செய்தி வெளியானபின் பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பில் சேர இடம் கிடைத்தது. பின்னர் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். பதக்கம் மட்டும் திரும்பி வரவில்லை.

இடம் மாறும் கோடு

2009இல் பெர்லின் உலகத் தடகளப் போட்டியில் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா, 18 வயதில், 800 மீட்டரில் தங்கம் வென்றார். அவரைச் சுற்றி எழுந்த கூச்சலின் விளைவாக, 2011இல் தடகளச் சங்கம் புதிய விதி வகுத்தது. இனி குரோமோசோம் வேண்டாம். டெஸ்டோஸ்டிரோனை அளப்போம் என்றது. ஒரு லிட்டர் இரத்தத்தில் 10 நானோமோல் என்பது எல்லை. இது எவ்வளவு? ஒரு லிட்டரில் ஏறத்தாழ மூன்று மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பகுத்து அதில் மூன்று பங்கு. பெரும்பாலான பெண்களிடம் 2 நானோமோலுக்குக் கீழேயும், ஆண்களிடம் சுமார் 8 முதல் 30 வரையும் இருக்கும்.

எல்லைக்கு மேல் இருந்தவர்கள் மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ அளவைக் குறைக்க வேண்டும். இதன் விளைவு என்னவென்று 2013இல் வெளிவந்த ஒரு மருத்துவக் கட்டுரை காட்டிற்று. வளரும் நாடுகளின் கிராமப்புறங்களிலிருந்து வந்த நான்கு இளம் வீராங்கனைகளுக்கு, உடல்நலத்திற்குத் தேவையே இல்லாத அறுவை சிகிச்சைகள் செய்யப்பட்டிருந்தன. ஓட வேண்டுமானால் உடலை வெட்டிக்கொள் என்று ஓர் இருபது வயதுப் பெண்ணிடம் சொன்னால், அவள் தரும் சம்மதத்தைச் சம்மதம் என்று கொள்ள முடியுமா?

2014இல் ஒடிசாவைச் சேர்ந்த டூட்டி சந்த் இதே விதியால் காமன்வெல்த் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். நெசவாளர் வீட்டுப் பெண். சாந்திக்குக் கிடைக்காத ஒன்று இவருக்குக் கிடைத்தது: வழி சொல்லும் ஆட்களும் வழக்கறிஞர்களும். அவர் லோசான் மன்றத்தில் முறையிட்டார். 2015 ஜூலையில் தீர்ப்பு வந்தது. இயற்கையாகவே டெஸ்டோஸ்டிரோன் மிகுந்த பெண்களுக்கு, மற்றப் பெண்களைக் காட்டிலும் எவ்வளவு அனுகூலம் என்று காட்டுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலுள்ள 10, 12 விழுக்காட்டை ஒத்த அனுகூலமா, அல்லது ஒன்றிரண்டு விழுக்காடா? சான்று தரும்வரை விதி நிறுத்தி வைக்கப்படுகிறது என்றது மன்றம். டூட்டி 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 2018 ஆசிய விளையாட்டில் இரு வெள்ளிப் பதக்கங்கள் வென்றார்.

சான்று தேடிய தடகளச் சங்கத்தின் ஆய்வாளர்கள் 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். டெஸ்டோஸ்டிரோன் மிகுந்த பெண்கள் 400 மீட்டர், 400 மீட்டர் தடையோட்டம், 800 மீட்டர், சம்மட்டி எறிதல், கோலூன்றித் தாண்டுதல் ஆகியவற்றில் 1.8 முதல் 4.5 விழுக்காடு வரை மேம்பட்டிருந்தனர் என்றது கட்டுரை. ஆனால் 2018இல் வந்த புதிய விதியில் சம்மட்டி எறிதலும் கோலூன்றித் தாண்டுதலும் இல்லை. கட்டுரையில் தொடர்பு காணப்படாத 1500 மீட்டர் இருந்தது! அடிப்படைத் தரவுகளில் பிழைகள் இருப்பதை வேறு ஆய்வாளர்கள் சுட்டினர். 2021இல் அதே ஆசிரியர்கள் வெளியிட்ட திருத்தத்தில், தாங்கள் கண்டது தொடர்பை மட்டுமே, காரணத்தை நிறுவவில்லை என்று ஒப்புக்கொண்டனர். தொடர்பு வேறு, காரணம் வேறு என்பது அறிவியலின் அரிச்சுவடி.

எல்லைக் கோட்டின் கதையை வரிசையாகப் பாருங்கள். 2011இல் 10 நானோமோல். 2018 விதியில் 5. 2023 மார்ச்சில் 2.5. 2025 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து ஹார்மோனை விட்டு மரபணுவுக்குத் திரும்பிவிட்டார்கள்: உலகத் தரவரிசைப் போட்டிகளில் ஓடும் எல்லாப் பெண்களும் வாழ்நாளில் ஒரு முறை எஸ்.ஆர்.ஒய். என்னும் மரபணு உண்டா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். கருவில் விரைகள் உருவாகத் தூண்டும் இம்மரபணு 1990இல் கண்டறியப்பட்டது. அதைக் கண்ட குழுவின் முதன்மை ஆய்வாளர் ஆண்ட்ரூ சின்க்ளேரே, மரபணு இருப்பதை மட்டும் சோதனை காட்டும், அது எப்படி வேலை செய்தது என்பதைக் காட்டாது என்று இந்த முடிவை மறுத்தார். விதியும் இதை ஓரளவு ஒப்புக்கொள்கிறது: டெஸ்டோஸ்டிரோனை முற்றிலும் ஏற்காத உடலமைப்பு உடையோருக்கு விலக்கு உண்டு. பாட்டினோவின் வாதம் விதியில் ஏறுவதற்கு இத்தனை காலம் ஆயிற்று.

பதினான்கு ஆண்டுகளில் மனித உடல் மாறவில்லை. கோடு மட்டும் மூன்று முறை இடம் மாறியிருக்கிறது. நீரின் கொதிநிலையைப் போல் இயற்கை வகுத்த எல்லையாக இருந்தால் அது இப்படி நகராது. இது மனிதர் கூடி எடுத்த முடிவு. மனிதர் எடுத்த முடிவு என்றால் அதைக் கேள்வி கேட்க இடம் இருக்க வேண்டும். நீதிமன்றம் இருக்க வேண்டும்.

சட்டம் சொல்வது

செமன்யாவின் வழக்கை 2019 மே முதல் தேதி லோசான் மன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தள்ளுபடி செய்தது. விதி பாகுபாடு காட்டுவதுதான், ஆயினும் பெண்கள் பிரிவைக் காக்கத் தேவையான பாகுபாடு என்றது. 2025 ஜூலை 10ஆம் தேதி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு, செமன்யாவின் முறையீட்டைச் சுவிஸ் நீதிமன்றம் போதிய ஆழத்துடன் ஆராயவில்லை என்றும், நேர்மையான விசாரணைக்கான அவர் உரிமை மீறப்பட்டது என்றும் தீர்ப்பளித்தது. விதி சரியா தவறா என்பதற்குள் அந்த நீதிமன்றம் நுழையவில்லை.

நம் நாட்டிலும் சட்டம் நகர்ந்திருக்கிறது. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆண், பெண் கூறுகள் கலந்து பிறக்கும் குழந்தைகளுக்கு உயிருக்கு ஆபத்தான நிலையில் அன்றி அறுவை சிகிச்சை செய்வதைத் தடுக்கும்படி ஆணையிட்டது. அவ்வாண்டே தமிழ்நாடு அரசு அதற்கான ஆணை பிறப்பித்தது. இத்துறையில் இந்தியாவில் முதலடி வைத்தது நம் மாநிலம். 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுமைச் சட்டம், விளையாட்டு வழக்குகளுக்கெனத் தீர்ப்பாயம் ஒன்றை அமைக்க வழி செய்கிறது. 2006இல் இவற்றுள் எதுவும் இல்லை.

நாம் கேட்க வேண்டியவை

பெண்கள் பிரிவுக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டே சில கேள்விகளை நாம் கேட்கலாம். சோதனை எதை அளக்கிறது, அது ஓட்டத்தில் எவ்வளவு அனுகூலம் என்பதற்குச் சான்று உண்டா? சோதிக்கப்படும் பெண்ணுக்கு அவள் தாய்மொழியில் அதை விளக்கினார்களா? முடிவு அவளுக்கும் மருத்துவருக்கும் இடையே மட்டும் இருக்குமா? மறுக்க விரும்பினால் அவளுக்காகப் பேச வழக்கறிஞர் உண்டா? ஓட முடியாமற் போனால் அவள் பிழைப்புக்கு வழி உண்டா? இந்த ஐந்துக்கும் விடை ‘ஆம்’ என்றால், கோடு எங்கே போடப்பட்டாலும் ஒரு பெண் மானத்தோடு வெளியேறலாம். சாந்தியின் விஷயத்தில் ஐந்துக்கும் விடை ‘இல்லை’.

இந்த விஷயம் தோகாவிலும் லோசானிலும் மட்டும் நடப்பதன்று. மாவட்டப் போட்டியில் நெடுநெடுவென வளர்ந்து, முடியைக் குட்டையாக வெட்டி, கரகரத்த குரலில் பேசும் ஒரு பெண் முதலாவதாக வந்தால், சுற்றி நிற்பவர்களில் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்லத்தான் செய்கிறார். உடற்பயிற்சி ஆசிரியர்களும் பெற்றோரும் அந்தச் சொல்லை அங்கேயே தடுக்க வேண்டும். உலகின் மிக நுட்பமான ஆய்வகங்கள் தொண்ணூறு ஆண்டுகளாக முயன்றும் ஒற்றைச் சோதனையில் முடிவு கட்ட முடியாத ஒன்றை, திடலோரம் நிற்கும் எவரும் கண்ணால் பார்த்துத் தீர்மானித்துவிட முடியாது. ஓடி வந்த பெண்ணுக்கு நாம் முதலில் தர வேண்டியது, அவள் ஓடிய நேரத்தைச் சரியாகக் குறித்த ஒரு சீட்டு.